ரயில் என்று சொன்னது நான்தான்

பொய் சொன்னேன். மனைவியிடம் மகளின் பெயரால் ஒன்று, மகளிடம் மனைவியின் பெயரால் ஒன்று. இரண்டும் ஒரே மாலையில், ஒரே வாயால்!

கேட்டால் உனக்கு அற்பமாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் ஊர் சுற்ற ரயிலா, வாடகைக் காரா... இதற்கா இவ்வளவு என்பாய். இதற்குத்தான். இறக்கி வைக்க இடம் தெரியாமல் மூன்று வருடமாகச் சுமக்கிறேன்.

எங்கள் மகள் ஜெனி ஸ்காட்லாந்தில் நர்ஸ். ஒரு வாரம் லீவு போடுகிறேன், இரண்டு பேரும் வாருங்கள், மலைப்பக்கம் போய்வரலாம் என்று அழைத்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரயிலில் போகலாம், அம்மா ஓட்டுவதாக இருந்தால் வாடகைக்குக் கார் எடுக்கலாம், நம் லைசென்ஸ் இங்கே செல்லும், அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். கேட்டுச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது இப்படித்தான்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லாவின் ஆசை எனக்கு முன்பே தெரியும்.

எங்கள் வீடு கீரனூரில். அவள் ஆசிரியை, பள்ளிக்கூடம் விராலிமலைப் பக்கம். பஸ்ஸை நம்பி நம்பி, பிரேயருக்குப் பிந்திப் போய் அலுத்து, நாற்பத்தைந்து வயதில் கார் பழகினாள். கூடவே நானும் போனேன். எதிரே வந்த ஒரு லாரியைக் கண்டு நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவள் பழைய கார் ஒன்று வாங்கி ஓட்டினாள். எப்படி ஓட்டினாள்! மழைக்கு முந்திக் களத்து நெல்லைக் குவிக்கிறவளின் கைகளைப் போல... பதற்றமும் இல்லை, ஒரு நொடி வீணும் இல்லை.

"அங்கிட்டுப் போனா நான் ஓட்டுறேங்க. ஜெனி எம் பக்கத்துல உக்காரட்டும்" என்று சொல்லியிருந்தாள். சின்ன வயதில் ஜெனியைக் கூட்டத்தில் நெருக்கி, நிற்கவைத்தே பஸ்ஸில் கூட்டிப்போன கதையையும் சேர்த்துச் சொன்னாள். பிள்ளைக்கு அவள் தர நினைத்தது ஒரு சீட். அவ்வளவுதான்.

அதைத்தான் பறித்தேன்.

ஏன்? நானே பல முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடைக்காரர் ஒரு நாள், நாங்கள் காரில் வந்து இறங்குவதைப் பார்த்து, "டீச்சர் டிரைவரு, சார் கிளீனரு. கிளீனருக்கு டீயில சீனி கூடப் போடுப்பா" என்றார். ஸ்டெல்லாவும் விடவில்லை. "பேட்டா கேக்காத கிளீனருண்ணே, வெரட்ட மனசு வரல" என்றாள். கடையே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாக நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுபோனது. மகளுக்கு முன்னாலும் நான் கிளீனரா...

அது மட்டும்தானா? இல்லை. ஓட்டும்போது அவள் முகத்தில் ஓர் அமைதி வரும். இருபத்தைந்து வருடமாக எதற்கும் என் பக்கம் திரும்பிய முகம் அது. சாலையில் திரும்பவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதி, சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்தக் காருக்குள் என் சொல்லுக்கு வேலை இல்லை!

பதில் கேட்டு ஜெனி போன் செய்தபோது ஸ்டெல்லா பள்ளியிலிருந்து வந்திருக்கவில்லை.

"அம்மாவுக்குப் புது ஊர்ல ஓட்டப் பயமாம். ஒங்கிட்டச் சொல்லக் கூச்சப்படுறா. நீயும் கேட்டுக்காத. ரயிலே போடும்மா."

"பாவம்ப்பா அம்மா. நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

ஸ்டெல்லா வந்து பையைக் கூட இறக்கவில்லை. ஜெனி ரயில் போட்டுவிட்டாள் என்றேன். ஏன் என்றாள். "நீ ஓட்டுனா அவளுக்குப் பயமா இருக்காம். நேரா எப்படிச் சொல்றதுன்னு தவிக்கிறா."

பையை இறக்கி வைத்தாள். "தெரியாத ஊருதானே. நல்லதுதான்" என்று அடுக்களைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

என் பொய் எதனால் பிழைத்துக் கிடக்கிறது, தெரியுமா? அவர்கள் அன்பால்! அம்மா மனம் நோகக்கூடாதென்று மகள் வாய் திறக்கவில்லை. மகள் சங்கடப்படக்கூடாதென்று தாய் வாய் திறக்கவில்லை. ஒருத்தி மேல் ஒருத்தி கொஞ்சம் பாசம் குறைவாக வைத்திருந்தால் அன்றே நான் அகப்பட்டிருப்பேன்.

ரயிலில் போனோம். ஏரியை ஒட்டித் தண்டவாளம், தண்டவாளத்தை ஒட்டிச் சாலை. சிவப்புக் கார் ஒன்று எங்களோடு வெகுதூரம் ஓடி வந்தது. ஸ்டெல்லா ஏரியைப் பார்க்கவே இல்லை.

"இங்கயும் நம்மளாட்டம் இடது பக்கந்தான் ஓட்டுறாங்க, பாருங்க" என்றாள் மெதுவாக.

ஜெனி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள், ஏதோ ஆறுதல் சொல்வதைப் போல. எதற்கான ஆறுதல் என்று எனக்கு மட்டுமே தெரியும்.

ஊர் திரும்பி, அந்த ரயிலைப் பற்றி உருகி உருகி எழுதினேன், பாராட்டினார்கள். ஸ்டெல்லாவும் வாசித்து, நன்றாக இருக்கிறது என்றாள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில், பாதிரியார் பாவ அறிக்கை கேட்க உட்காரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் மண்டியிட்டு, "பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். யாரிடம், என்ன பொய் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆனால் ஸ்டெல்லா கார் ஓட்டும்போது என்னைக் கேட்க ஆரம்பித்தாள். முந்தலாமாங்க? வேகமாப் போறேனோ? முன்பெல்லாம் கேட்டதே இல்லை. நான் ஏங்கிய முகம் என் பக்கம் திரும்பிவிட்டது... இப்படியா கேட்டேன் நான்! கொஞ்சம் கொஞ்சமாகப் பஸ்ஸுக்கே போய்விட்டாள். கார் உறை போர்த்திக் கிடக்கிறது.

இந்த வாரம் ஜெனி வருகிறாள். திருச்சி ஏர்போர்ட்டில் போய் அழைத்துவர வேண்டும். நேற்று, காரைத் துடைத்து எடுப்பாள் என்று எதிர்பார்த்து நான் வாசலில் நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, இயல்பாக, ஒரு துளி வருத்தம் காட்டாமல் சொன்னாள்:

"வாடகைக் காருக்குச் சொல்லிருங்க. நான் ஓட்டுனா பிள்ளை வழியெல்லாம் பயந்துக்கிட்டே வரும்."

அப்போது சொல்லியிருக்கலாம். எதிரே அவள் மட்டும்தான் இருந்தாள். கையில் ஜெனியின் பழைய சட்டை.

"சரி" என்றேன். டிரைவருக்குப் போன் போட்டேன். எத்தனை பேர் சார் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன்... முன் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.