நினைவுக் கூட்டத்தில் யார் பேசுவது

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். மண்டபம் பேசியாகிவிட்டது, நாற்காலி சொல்லியாகிவிட்டது, பெரிதாக்கிய படம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பேசத்தான் ஆளில்லை.

"மைக் சொல்லிட்டு எல்லாரும் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கவா?" என்றாள் நாத்தனார். செத்தவரின் தங்கை. அழுகை வந்தால் உடனே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற ரகம்.

அண்ணிக்காரி செத்தவரின் மனைவி. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் ஊருக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் நெசவாலையில் தறி ஓட்டியவள். கணவரை முதலில் பார்த்ததும் அங்கேதான். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது ஆலையில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது. மீதிப்பேருக்கு மறந்து போயிற்று.

அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். ஆலையில் அவருக்கு 'நடிகர்' என்று பேர். மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவார். மயங்கி விழுவார், நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடப்பார், பதறி ஓடி வருபவரைப் பார்த்துக் கண்ணடிப்பார். போன வாரம் தறிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. "விழுந்த நிமிஷமே போயிட்டார், வலியே தெரிஞ்சிருக்காது" என்று மேஸ்திரி வந்து சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் தூங்கினாள்.

இன்று மேஸ்திரியும் நெட்டையனும் கூட்டத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள். நெட்டையன் பக்கத்துத் தறிக்காரன், அவருக்கு உயிர் நண்பன்.

"நெட்டை அண்ணனே பேசட்டும்," என்றாள் அவள்.

"எனக்குப் பேச வராது தங்கச்சி."

"உங்களுக்கா?" என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுக் கல்யாணத்துல உங்க வாயை மூடத் தனியா ஒரு ஆளைப் போட்டோமே."

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் டீ போடப் போனாள். அண்ணி குனிந்து படத்தின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

தறி ஓடும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசுவார்கள். வெளியே வந்தாலும் பழக்கம் விடாது. அதுவும் ரகசியம் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் தலை நிமிர்ந்தபோது மேஸ்திரியின் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

'மறுக்காதே. சந்தேகம் வரும்.'

'என்னால முடியாது,' என்றது நெட்டையனின் உதடு. 'விழுந்து கிடந்து என்னைக் கூப்பிட்டான். நடிக்கிறான்னு சிரிச்சுட்டுத் திரும்பிக்கிட்டேன்.'

'அது நம்மளோட போகட்டும்.'

உதடு படித்து எத்தனையோ வருஷம். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

கவனிக்காத மாதிரி இருந்துவிடலாம். வேறு யாராவது வந்து நல்லவர், வல்லவர் என்று பேசிவிட்டுப் போவார்கள். 'விழுந்த நிமிஷமே' என்பதாவது அவளுக்கு மிஞ்சும். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு நெட்டையனைப் பார்த்தாள்.

"திரும்பி என்ன பண்ணினீங்க? அறுந்த இழையைக் கட்டினீங்களா?"

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. "தங்கச்சி, நீ எப்படி..."

"நானும் தறி ஓட்டினவதான் அண்ணே. நீங்க சும்மா இருங்க, அவரைக் கேக்கறேன். எத்தனை இழை?"

"ஏழு," என்றான் நெட்டையன்.

அவள் விரல்கள் மடியில் அசையத் தொடங்கின. அறுந்த முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு, தறியின் கண்ணியில் நுழைத்து, இழுத்துவிட்டு. மறுபடி முனையைத் தேடி. அவசரப்படவில்லை. இருவரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இழையில் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். ஏழும் முடிய ரொம்ப நேரமானது.

"இவ்வளவு நேரம் உயிரோட இருந்திருக்கார்," என்றாள்.

"இருந்தான்."

நாத்தனார் தட்டோடு வந்தாள். "என்ன, முடிவாச்சா? பேசறாரா, இல்லையா?"

"பேசறார்."

"என்னன்னு பேசுவேன் தங்கச்சி?" என்றான் நெட்டையன்.

"வீட்டுலயும் இப்படி நடிச்சு விழுவார். முதல் தடவை அலறிட்டு ஓடினேன். அப்புறமெல்லாம் அவரைத் தாண்டிக்கிட்டு என் வேலையைப் பாக்கப் போயிருக்கேன். அன்னைக்கு உங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் திரும்பித்தான் இருப்பேன்," என்றாள். "அதுக்காக மனசு ஆறிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஆறுமான்னு எனக்கே தெரியல. ஆனா விழுந்த நிமிஷமே போயிட்டார்னு அந்த மைக்கில யாரும் சொல்லக்கூடாது. கூப்பிட்டார்னு சொல்லணும். உங்களைத்தான் கூப்பிட்டார்னு சொல்லணும்."

"யாரை யாரு கூப்பிட்டது?" என்றாள் நாத்தனார். "என்ன அண்ணி பேசறீங்க?"

அவள் நாத்தனாரின் கையிலிருந்து தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். தோளைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"முதல்ல இவகிட்டச் சொல்லுங்க அண்ணே. கூடப் பொறந்தவ."

நெட்டையன் நாற்காலியை விட்டு எழுந்தான். என்ன தோன்றியதோ, இறங்கி நாத்தனாருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தான்.

"அன்னைக்குக் காலையில," என்று தொடங்கினான்.