போடிமெட்டு வளைவில் தீர்ந்த மாத்திரை

ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுவதற்காக, வேலையாட்களோடு தினமும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறுகிறேன். அத்தனை பேர் எதிரில் வாந்தி எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், முதல் வளைவில் ஒரு மாத்திரை போடுவேன். நாளடைவில் வீட்டில் சும்மா இருக்கும் ஞாயிறன்றும் அது தேவைப்பட்டது. எந்த மருத்துவரையும் கேட்கவில்லை.

ஒருநாள் முதல் வளைவில் பையைத் திறந்தால், மாத்திரை அட்டை காலி.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க. மாத்திரை வாங்கணும்," என்றேன் டிரைவரிடம்.

காய் எடுக்கும் பேச்சி விடவில்லை. "லேட்டா வந்தா எங்களுக்கு அரைநாள் கூலிய வெட்டுறது நீங்கதானக்கா? இப்ப உங்களுக்காக நாங்க லேட்டாகணுமாக்கும்?"

"எனக்கு வாந்தி வந்துரும்."

"வந்தா எடுங்க. எங்க சேலையில எடுத்துறாதீக." ஒரு பாலித்தீன் பையை என் மடியில் எறிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜீப் நிற்கவில்லை. அடுத்த வளைவில் அந்தப் பைக்குள் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, யாரும் என்னைப் பார்க்கவில்லை. யார் வீட்டுத் தண்ணீர்க் குழாயோ உடைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது.

பேச்சியை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் மறுநாள் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன், மாத்திரை போடாமல்.