பொரியாத வத்தல்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டது கிடையாது. துவைத்த துணியை மடிக்கும் வரை அதில்தான் குவித்து வைப்போம். கரண்ட் பில் அட்டை, மாத்திரை டப்பா, நான் மச்சான் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரருடைய ஹெல்மெட், பழுக்கட்டும் என்று வைத்து மறந்துபோன கொய்யா எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். சாப்பாடு என்று வந்தால் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவோம். தேக்கு மேசை, எட்டு நாற்காலி. வந்து போகிறவர்கள் நம்மை மேசையில் சாப்பிடுகிற குடும்பம் என்று நினைக்கட்டும் என்று மாமனார் ஆசாரியை வீட்டிலேயே உட்கார வைத்துச் செய்தது. அவர்கூட தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மேசையின் காலில் சாய்ந்துகொள்வார்.

அவர் காலமான பிறகு கம்பம் ஊரில் இருந்த அந்த ஒரே வீட்டை மச்சானும் அவர் அண்ணனும் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று சுவரில் ஒரு கதவு வைத்தார்கள். யாரும் நினைத்த நேரத்தில் வந்துவிடக் கூடாது என்று அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைத்தார்கள். இவ்வளவு யோசித்துக் கட்டிய கதவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மொட்டை மாடியை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று கொத்தனாருக்கே விளங்கவில்லை, பொதுவில் விட்டுவிட்டார்கள். சாமான் பிரித்ததில் பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரமான தேக்சா அவர்கள் பக்கம் போனது, மேசை எங்கள் பக்கம் வந்தது. அவர்களிடம் பிரியாணி உண்டு, வைத்துச் சாப்பிட மேசை இல்லை. எங்களிடம் மேசை உண்டு, வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

மேசையை இந்தப் பக்கம் தூக்கி வரும்போது என் ஓரகத்தி, அதாவது மச்சானுடைய அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலி அவரைத் தாண்டும்போது சொன்னார்:

"ரெண்டு பேரு திங்கிறதுக்கு எட்டு நாற்காலியாக்கும்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தேனியிலும் மதுரையிலும் நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. அப்போதெல்லாம் என்னோடு அந்த வராந்தாக்களில் காத்துக் கிடந்தவர் இதே அக்காதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் போயிருப்பேன். சொன்னது அவர் என்பதுதான் வலித்தது. அன்றைக்கு என் பக்கத் தாழ்ப்பாளைப் போட்டேன். சற்று நேரத்தில் அவர் பக்கத் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. அதோடு சரி. பிறகு வந்த பெருநாள்களில் ஒரு வீட்டுக்கு இரண்டு பிரியாணி வெந்தது. எங்களுடையது குக்கரில். குக்கர் பிரியாணியைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இந்த நிலைமையில்தான் நான் குரோஷா பழகினேன். ஒரு கொக்கி ஊசியையும் ஒரு நூல்கண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் கழுத்தையும் கண்ணையும் ஒருசேரக் கெடுத்துக்கொள்ளும் கலைக்குப் பெயர் குரோஷா. செல்போனில் ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்தாள். பண்டிகைக்கு மேசையை அலங்கரிப்பது எப்படி என்பது பாடம். அவளுக்குப் பக்கத்தில் நெருப்பு எரிந்தது, மடியில் பூனை தூங்கியது, சன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. எனக்குப் பக்கத்தில் ஊறவைத்த உளுந்து இருந்தது. அவள் நடுவில் வைக்க பைன் மரத்துக் காய் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் திராட்சைப் பந்தலில்தான் முட்டிக்கொள்ள வேண்டும், ஆகவே பைன் காய்க்குப் பதில் திராட்சைக் குலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நோன்பு மாதம் முழுக்க, பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வந்து, நோன்பு திறக்கும் வரை ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹஜ்ரத்தின் பயான், மார்க்கப் பேச்சு, கேட்கும். சொந்தபந்தத்தோடு பேசாமல் இருக்கிறவர்களைப் பற்றி ஹஜ்ரத் வருத்தப்பட்டுப் பேசும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

முதலில் மேசைக்கு நீளமாக ஒரு விரிப்பு. அது ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் சுருங்கியும் வைகை ஆறு மாதிரி வந்தது. அப்புறம் தம்ளருக்கு அடியில் வைக்க உள்ளங்கை அகலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள், நாற்காலிக்கு ஒன்று வீதம் எட்டு. யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. மச்சான் காய்கறி லாரியோடு தினமும் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குப் போய்வருகிறவர். ஒரு நட்சத்திரத்தை எடுத்துத் தலைகீழாகப் பார்த்துவிட்டு "அடிபொளி" என்றார். அவருக்குத் தெரியாத விஷயங்களை அவர் மலையாளத்தில்தான் பாராட்டுவார்.

நட்சத்திரம் வாடிய கீரை மாதிரித் துவண்டது. விறைப்பாக நிற்க வெள்ளைக்காரி ஏதோ ஒரு புட்டியிலிருந்து ஊற்றினாள். அந்தப் புட்டியைக் கம்பம் கடைவீதியில் கேட்டால் கடைக்காரர் என்னையே பார்த்தார். ஒரு காட்டன் சேலைக்கு மொடமொடப்பு ஏற்றத் தெரிந்தவளுக்கு வெள்ளைக்காரி எதற்கு என்று ரோஷம் வந்து, ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினேன். முதல் கஞ்சி தண்ணியாகப் போனது. இரண்டாவது கஞ்சியில் ஆத்திரம் முழுவதையும் காட்டியதால் கூழாகவே வந்துவிட்டது. நட்சத்திரங்களை அதில் முக்கி எடுத்தேன். பின்னலின் ஓட்டை எல்லாம் கஞ்சியால் அடைந்துபோனது. விடிகாலை மொட்டை மாடியில் மச்சானின் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, எட்டையும் காயப் போட்டு, காக்காய்க்குப் பயந்து பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

இதை எழுதும்போது எனக்கே தெரிகிறது. கோடைக்காலம், வெள்ளை வேட்டி, ஜவ்வரிசிக் கூழ், கறுப்புக் குடை. நான் காயப் போட்டது வத்தல் இல்லை என்று கோர்ட்டில் நின்று சொன்னால்கூட நீதிபதி நம்பமாட்டார்.

மத்தியானம் சுருளி மலைப் பக்கமிருந்து மழை வந்துவிட்டது. கோடை மழை, சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற வகை. ஆபீஸ் சன்னலில் அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு மாத உழைப்பு கஞ்சியாகக் கரைந்து தகரக் குழாய் வழியே சாக்கடைக்குப் போகிறதென்று எண்ணி எனக்குக் கண் கலங்கியது. வேலை முடிந்ததும் ஓடி வந்து மாடி ஏறினேன். வேட்டி இல்லை, குடை இல்லை, கல்கூட ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இறங்கி வந்தால் என் வாசலில் ஒரு முறம். அதில் வேட்டி அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் நட்சத்திரங்கள், நன்றாகக் காய்ந்து, ஒன்றுகூட நனையாமல். ஆனால் நாலுதான் இருந்தன.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மழை வந்தால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் மாடியில் கிடக்கிற எல்லார் வத்தலையும் அள்ளிவிட வேண்டும். சண்டை மனிதர்களுக்குள்தான், வத்தல் என்ன பாவம் செய்தது? சுவர் எழும்பும் முன்பு நானும் அக்காவும் சேர்ந்தே வத்தல் ஊற்றுவோம், யார் அள்ளினாலும் ஆளுக்குப் பாதி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெதுவும் ஞாபகம் வரவில்லை. பாதியை வேண்டுமென்றே எடுத்துவைத்துக்கொண்டார், எட்டு நாற்காலியைப் பார்த்து எரிந்த வயிறு எட்டு நட்சத்திரத்தைப் பார்த்தும் எரிகிறது என்றே தோன்றியது. போய்க் கதவைத் தட்டி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப் போனேன். நோன்பு திறந்த பிறகு கேள், வெறும் வயிற்றில் கேட்டால் தலை சுற்றும் என்று மச்சான் தடுத்தார்.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு அக்காவின் கணவர் பெரிய மச்சான் வாயாலேயே கேட்டேன். நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அவருக்கு வத்தல் வேண்டும். பாங்கு சொல்லப் போகிற அவசரத்தில் அக்கா எண்ணெயைக் காயவைத்து நாலையும் போட்டிருக்கிறார். மழைக்கு ஓடிப்போய் அள்ளும்போதும் அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை, எண்ணெய்ப் புகை படும் என்று அடுப்படியிலும் போடமாட்டார். வத்தல் பொரியவில்லை. ஓரத்தில் மட்டும் லேசாகக் குமிழ் விட்டு, சிவந்து, அப்படியே கிடந்தது. அதில் அக்காவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் காய்ச்சின கூழ் வேறு எப்படி இருக்கும் என்று திருப்திப்பட்டிருக்கிறார். நோன்பு வைத்த வாய், ருசி பார்க்கவும் முடியாது. தட்டில் எடுத்து வைத்துவிட்டார்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் அடுத்தபடியாகப் பெரிய மச்சான் என் நட்சத்திரத்தைக் கடித்திருக்கிறார். அவருடையது பல் செட். கடித்தது உடையவில்லை, இழுத்தார். இழுக்க இழுக்க நூல் வந்ததாம்.

நான் கஞ்சியைக் குடித்து முடித்து, கேட்க வேண்டிய நாலு வார்த்தையை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது சுவர்க் கதவின் அந்தப் பக்கத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அது விழுந்த சத்தத்தைத்தான் கேட்டிருந்தேன், விலகுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எழுந்து போய் என் பக்கத் தாழ்ப்பாளை விலக்கினேன். ஓட்டமாகத்தான் போனேன். கோபத்தில் என்று அப்போது நினைத்தேன்.

அக்கா கையில் தட்டோடு நின்றார்.

"என்ன வத்தல்டி ஊத்திருக்க? நாரு நாரா வருது. ஒங்க பெரிய மச்சான் பல்லுல மாட்டிக்கிட்டு முழிக்கிறாக."

சுவர் எழுந்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். தட்டைப் பார்த்தேன். என் நட்சத்திரம் நாலும் செக்கச் செவேலென்று எண்ணெயில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. அதில் ஒன்றுக்கு வால் முளைத்திருந்தது. வரிசைப்படுத்தி வைத்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. அக்கா முறைத்தார்.

"அது வத்தல் இல்லக்கா. நூல்ல பின்னுனது. பெருநாளைக்கு மேசையில கிளாசுக்கு அடியில வைக்கிறது."

தம்ளருக்கு அடியில் எதற்கு ஒன்றை வைக்க வேண்டும் என்று கேட்டார். நோன்பு முழுக்க என்னையே நான் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி அது. அக்கா தட்டில் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பின்னலை விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தன போட்ட?"

"எட்டு."

அக்கா என் தோளைத் தாண்டி மேசையைப் பார்த்தார். துணி மூட்டையும் ஹெல்மெட்டும் கொய்யாவும் சூழ, எட்டு நாற்காலியும் வெறுமையாகத்தான் நின்றன. அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்பாரோ என்று ஒரு கணம் பயந்தேன். எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை. அவரும் கேட்கவில்லை. நாலு பாழாகப் போய்விட்டதே என்றார். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். கதவை மட்டும் சாத்தவில்லை.

பெருநாள் அன்று தொழுகை முடிந்ததும் பெரிய மச்சானின் மகன்கள் இருவரும் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு வழியாக வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மேசையில் இறக்கப் போனார்கள். ஒரு மாதம் கழுத்து வலிக்கப் பின்னிய விரிப்பின் மேல் கொதிக்கிற தேக்சாவா என்று நான் போட்ட சத்தத்தில், சாக்கை மடித்துப் போட்டு அதை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தால்ச்சா சட்டி இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தது. மிச்சம் இருந்த நாற்காலிகளில் அவர்கள் நாலு பேரும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மாமனார் செய்து போட்ட மேசையில் முதல் முறையாகச் சாப்பாடு. எல்லாரும் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடத் தெரியாமல் நெளிந்தோம், பெரிய மச்சான் நாற்காலியிலேயே சம்மணம் போட்டுவிட்டார்.

வெள்ளை நட்சத்திரம் நாலையும் மற்றவர்களுக்கு வைத்தேன். எனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரித்த நட்சத்திரம் ஒன்றை எடுத்து, எண்ணெய் விரிப்பில் படுகிறதே என்று நான் பதறுவதைக் கவனிக்காமல், தன் முன்னால் வைத்து அதன் மேல் சர்பத் தம்ளரை வைத்துக்கொண்டார். பொரிச்சது நான்தானே என்றார்.

அப்போது எதிர்வீட்டு அண்ணனும் அவர் மனைவியும் பெருநாள் சாப்பாட்டுக்கு வந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை. அக்கா தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, தன் நாற்காலியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தார். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டு, மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

"எட்டு நாற்காலி எந்த மூலைக்குடி? பத்தலையே."

எல்லாருக்கும் அது சாதாரணப் பேச்சு. எதிர்வீட்டு அண்ணன் தலையாட்டினார், மச்சான் பாய் எடுத்துவர எழுந்தார். நான் தேக்சாவில் சோறு எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நோன்பு முழுக்க ஊசி பிடித்திருக்கிறேன் என்பது, அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.