இறங்காத எண்

தெருவில் அவளைப் பல்லக்கா என்பார்கள். அவளுடைய சொந்தப் பற்களில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெயர் தொழிலால் வந்தது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் மாடி அறையில் உட்கார்ந்து பல் செட் செய்து திருப்பி அனுப்புவாள். ஜன்னலோரம் ஒரு மேசை, ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகு, சின்னச் சின்னக் கத்திகள். செட்டைப் போட்டுக்கொள்பவர்களை அவள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் ஒரு நொடி சந்தேகம் வரும். கேட்க முடியாது. இறங்கிவிடுவாள்.

மேசைக்கு மேலே ஆணியில், எப்போதாவது க்ளினிக்குக்குப் போய்ப் பல்லைப் படமெடுக்க ஒரு கேமரா தொங்கும். கனமான, பழைய டிஜிட்டல் கேமரா. அதன் பின்பக்கத் திரை செத்துப் பல வருஷமாயிற்று. கணவர் கையிலிருந்து விழுந்தது. "அதுவா விழுந்துச்சு" என்பதில் அவர் இன்றுவரை உறுதியாக இருக்கிறார். கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே எடுக்கலாம், ஆனால் திரை போனதால் எடுத்த படத்தைக் கேமராவில் பார்க்க முடியாது. மேல்புறம் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று அதில் ஓர் எண் தெரியும். பொத்தானை அழுத்தினால் எண்ணில் ஒன்று குறையும். குறைந்தால் படம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு அது போதும்.

வீட்டில் புது ஃபோன் இருந்தது. அது பல்லை வெளுத்துக் காட்டும். கிட்டே கொண்டுபோனால் மூக்கை முன்னால் இழுக்கும். இந்தக் கேமராவின் மஞ்சள் அவளுக்குப் பழக்கம். படத்தில் இந்த மஞ்சள் என்றால் செயற்கைப் பற்கள் அடுக்கிய தட்டிலிருந்து எந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

கீழே சலூன். சலூன்காரருக்கு மேல்வரிசை முன்பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன. அவற்றில் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் கால்மேல் கால் போட்டமாதிரி ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று அவர் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏம்மா, எனக்கு இதே பல்லுதான் வேணும்."

"இதே பல்லா? நேரா, அழகா வச்சுத் தர்றேண்ணே. பத்து வயசு குறைஞ்சிடும்."

"குறைஞ்சவன் யாரு? அவனை எனக்குத் தெரியாதே. நாள் முழுக்கக் கண்ணாடியப் பார்த்து நிக்கிறவன் நான். முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனோ ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா எனக்குக் கத்திரி ஓடுமா? யார் காதாவது போயிடும்."

"அண்ணிக்காவது ஒரு மாறுதல் வேண்டாமா?"

"அவ என் மூஞ்சியப் பார்த்து ரொம்ப நாளாச்சு. நான்தான் பார்க்கிறேன்."

வழக்கமாகப் பல்லைப் பிடுங்குமுன் அச்சு எடுத்துவிடுவார்கள். இங்கே அதற்கு வழியில்லை. அச்சை இழுத்தால் பல்லும் கூடவே வந்துவிடும் என்றார் டாக்டர். பழைய படம் எதிலாவது பல் தெரிகிறதா என்று அவள் கேட்டாள். சலூன்காரர் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார், மகள் பிறந்தபோது எடுத்ததைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் வாய் இறுக மூடியிருந்தது.

"அப்பல்லாம் இந்தப் பல்லு எனக்கு வெக்கம்மா" என்றார்.

ஆக, பிடுங்கும் நாளன்று க்ளினிக்கில் வைத்து அவள் எடுக்கப்போகிற படங்கள்தான் எல்லாம்.

அன்று காலை பார்த்து மெமரி கார்டு செத்தது. கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு. கேமராவோடு தெருமுனைக் கடைக்கு ஓடினாள். அந்தக் கடையில் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாக ஒயர் தொங்கும். கடைக்காரருக்கே ஒயர் என்றுதான் பெயர்.

"இந்தச் சின்ன அளவெல்லாம் இப்ப வர்றதில்லைக்கா" என்றார் ஒயர். "இருக்கிறதுலயே சின்னது இதுதான். இதுல ஊர்ல இருக்கிறவங்க பல்லு மொத்தத்தையும் போட்டு வைக்கலாம்."

"என் கேமரா இதை எடுத்துக்குமா?"

"பழசு சிலது பெரிய கார்டைப் பார்த்தா முரண்டு பிடிக்கும். இருங்க, கம்ப்யூட்டர்ல பழைய முறையில ஃபார்மட் பண்ணித் தர்றேன். அப்புறம் அது பாடு, உங்க பாடு."

ஃபார்மட் முடிந்ததும் கேமராவில் செருகினார். கோடு மறைந்து 999 என்று வந்தது. அவ்வளவு பெரிய எண்ணை அவள் அந்தக் கட்டத்தில் பார்த்ததே இல்லை. "ஒண்ணு எடுத்துப் பார்த்துட்டுப் போங்கக்கா" என்று ஒயர் சொன்னது, அவள் பாதித் தெருவைத் தாண்டிய பிறகு காதில் விழுந்தது.

க்ளினிக்கில் சலூன்காரர் சாய்வு நாற்காலியில் கிடந்து, இரண்டு கை விரல்களாலும் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் தலையைத் திருப்பியே பழகியவரின் தலையை அவள் திருப்பினாள்.

"அசையாதீங்கண்ணே."

"அது நான் சொல்ற வசனம்மா" என்றார், உதட்டை விடாமல்.

நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், சிரித்து, சிரிக்காமல் என்று மனம் நிறைகிறவரை எடுத்தாள். டாக்டர் ஊசியோடு காத்திருந்தார். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலை முடிந்ததும் நர்ஸ் ஒரு சின்னப் பாட்டிலில் பற்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அளவு பார்க்க வேண்டும் என்று பல்லக்கா முன்பே கேட்டிருந்தாள்.

மாடிக்கு வந்து கேமராவை ஆணியில் மாட்டப் போனபோதுதான் கட்டத்தைப் பார்த்தாள்.

999.

எதிர்ச் சுவரைப் பார்த்து ஒரு தடவை அழுத்தினாள். 999. ஸ்பிரிட் விளக்கைப் பார்த்து இன்னொரு தடவை. 999.

கார்டை உருவி, கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த கார்டு ரீடரில் செருகினாள். கேமரா வாங்கிய காலத்தில் கூடவே வாங்கிய ரீடர். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கேட்டது: இந்தக் கார்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா? கீழே ஆம், இல்லை.

காலையில் ஒயர் ஃபார்மட் செய்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதுவுமே நிற்கவில்லை என்றால் படம் எங்கே நிற்கும்?

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பற்கள் காய்ந்து சுண்ணாம்பு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வடிவமும் இருந்தது. எது எதன்மேல், எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருந்தது என்பது இல்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். தினமும் பார்த்த வாய். ஆனால் நேரில் பார்த்தது பாதி, சலூன் கண்ணாடியில் பார்த்தது பாதி. இடம் வலமாகி, வலம் இடமாகி, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

அம்புக்குறி ஆம் மேல் நின்றது. காலிக் கார்டை ஃபார்மட் செய்தால் எது கெட்டுப்போகும்? அவள் விரல் அழுத்தவில்லை. அறிவு தடுத்தது என்று சொல்ல முடியாது. அழுத்தினால், காலிதான் என்று அவளே ஒப்புக்கொண்டமாதிரி ஆகிவிடும். கார்டைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

சலூனைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே கண்ணாடிகள் எல்லாவற்றின்மேலும் துண்டு தொங்கியது. வாடிக்கையாளர் நாற்காலியில் சலூன்காரரே உட்கார்ந்திருந்தார், வாயில் பஞ்சோடு. அவளைப் பார்த்ததும் கண்ணுக்கு முன்னால் விரலால் ஒரு கட்டம் போட்டு, படம் எப்படி வந்திருக்கிறது என்று கையை விரித்தார்.

"நல்லா வந்திருக்குண்ணே."

சொன்னபோதே தெருவில் இருந்தாள்.

கடையில் ஒயர் ஒரு பெண்மணிக்கு சார்ஜர் காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க கார்டு என் உயிரை வாங்கிடுச்சு. ஒரு படம்கூட விழல. எண்ணு இறங்கவே இல்ல. கம்ப்யூட்டரும் ஒண்ணும் இல்லைங்குது."

ஒயர் கார்டைத் தன் ரீடரில் போட்டார். திரை முழுக்கப் பற்கள் வந்து நின்றன.

"அய்யய்யோ, என்னது இது!" என்று சார்ஜர் வாங்க வந்தவர் பின்னால் நகர்ந்தார்.

நேராக, இடப்பக்கம், வலப்பக்கம். கால்மேல் கால் போட்ட பல், அதன் நிழலோடு, அதன் மஞ்சளோடு. கடைசியில் ஒரு வெறும் சுவர், ஒரு ஸ்பிரிட் விளக்கு.

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கட்டத்துல மூணு இலக்கத்துக்குத்தான் இடம்" என்றார் ஒயர். "இந்தக் கார்டுல ஆயிரக்கணக்குல பிடிக்கும். கேமரா என்ன பண்ணும் பாவம், தனக்குத் தெரிஞ்ச பெரிய எண்ணைச் சொல்லிட்டு அப்படியே நிக்குது. ஆயிரத்துக்குக் கீழ வந்தப்புறம்தான் இறங்கும்."

"அப்ப கம்ப்யூட்டர்?"

"ரீடர் எப்ப வாங்கினது?"

"கேமரா வாங்கினப்ப."

"அதான். அதுக்கு இவ்வளவு பெரிய கார்டைப் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்காம, ஃபார்மட் பண்ணவான்னு கேக்கும். ஆம்னு அழுத்தலையே?"

"இல்ல."

"அழுத்தியிருந்தீங்கன்னா எல்லாப் படமும் அழிஞ்சு சோலி முடிஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு அந்த ரீடரு" என்றாள். பிறகு சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, திரையைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். சார்ஜர் வாங்க வந்தவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். புது ரீடர் ஒன்றை அவள் கேட்கும் முன்பே ஒயர் எடுத்து வைத்திருந்தார்.

திரும்பி வரும்போது சலூன் வாசலில் நின்று, "ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே" என்றாள். முதல் தடவை சொன்னதற்கும் சேர்த்து. அவர் பஞ்சோடு தலையாட்டினார்.

ஈறு ஆறுகிறவரை அவர் வாயை மறைக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு முடி வெட்டினார். ஆறியதும் டாக்டர் அச்சு எடுத்து அனுப்பினார். அவள் படங்களை மேசைக்கு முன்னால் ஒட்டிவைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். அந்த ஒரு பல்லை மட்டும் எடுத்து எடுத்து மறுபடி வைத்தாள். நேராக நிறுத்தப் பழகிய கை, கோணலுக்கு அவ்வளவு எளிதில் இணங்கவில்லை.

செட் பொருத்திய அன்று அவள் கேமராவோடு சலூனுக்குப் போனாள். நாற்காலியில் ஒருவர் ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் மாஸ்க்கைக் கழற்றினார். கண்ணாடிக்குக் கிட்டே போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பி, பின்னால் இருந்த கண்ணாடியில் பார்த்தார்.

"எங்கடா போயிருந்த இத்தனை நாளா?" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

"எனக்கும் ஒரு படம் வேணும்ணே. திரும்புங்க."

அவர் பழக்கதோஷத்தில் வாயை இறுக மூடினார். அப்புறம் என்ன தோன்றியதோ, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அவள் அழுத்தினாள்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றாள், கட்டத்தைப் பார்க்காமல்.

"இங்க ஒருத்தன் பாதித் தலையோட உட்கார்ந்திருக்கேன்" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

அவள் மாடிப்படி ஏறினாள். பாதி ஏறும்போதே கீழே கத்திரி ஓடத் தொடங்கியது.