எத்தியோப்பியாவிலிருந்து வந்த அம்மன் பாட்டு

எங்கள் வீட்டில் ஓர் அநியாயம் நடந்தது. நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதை அநியாயம் என்று என்னைத் தவிர இன்றுவரை ஒருத்தரும் ஒப்புக்கொண்டதில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவர்கள் கதையில் நான்தான் கோமாளி. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். பட்டாளத்து அரசாங்கம் ஊரின் பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அது ரங்கூனாகவே இருந்தது. பபேடானில் ஒரு குறுகலான தெருவில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா பகலில் ஓர் அரிசி மண்டியில் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அம்மன் கோயில் பஜனை கோஷ்டிக்குத் தலைவர். ஆர்மோனியமும் அவரே, முதல் குரலும் அவரே, பாட்டுக் கட்டுவதும் அவரே.

பாட்டுக் கட்டுவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மெட்ராஸிலிருந்து யார் யார் கைமாறியோ வந்து சேரும் சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைக் கேட்பார். மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, காதலி இருந்த இடத்தில் அம்மனை உட்கார வைத்துவிடுவார். கண்ணே என்பது தாயே ஆகும், கட்டிக்கொள் என்பது காப்பாற்று ஆகும். ஊரே அப்படித்தான் இருந்தது. கீழே டீக்கடையில் நாள் முழுக்க ஓடும் பர்மியப் பாட்டுகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மெட்டுதான், வார்த்தை மட்டும் பர்மியம். அவற்றுக்குப் பெயரே காப்பிப் பாட்டு. அதற்காக யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை மாமா வந்தால் பால்பவுடர் டின், வாசனை சோப்பு, சட்டைத் துணி என்று வீடு நிறையும். அந்த வருடம் அவற்றோடு ஒரு கேசட்டும் வந்தது. அட்டையில் சுருட்டை முடி வைத்த ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் இருந்த எழுத்து பர்மியமும் இல்லை, தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கைகாலை நீட்டி ஆடும் குச்சி மனிதர்களைப் போல இருந்தது.

கப்பல் பழுதாகிச் செங்கடல் பக்கம் ஒரு துறைமுகத்தில் வெகுநாள் நின்றுவிட்டதாம். அங்கே எத்தியோப்பியாவிலிருந்து பிழைக்க வந்த ஓர் அம்மாள் காப்பிக்கடை வைத்திருந்தாராம். மாமா தினமும் போய் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்ல, புறப்படும் நாளில் அவர் கேசட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.

அன்று மின்சாரம் இல்லை. சாயங்காலம் தெரு முழுக்க "மீ லாபி!" என்று சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் கரண்ட் வந்தால் குழந்தை குட்டியெல்லாம் அப்படித்தான் கத்தும். மாமா உடனே டேப் ரெக்கார்டர் பெட்டியில் கேசட்டைப் போட்டார்.

முதலில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து ஊதின. தாளம் நொண்டியடித்துக்கொண்டு வந்தது, ஆனால் விழவில்லை. பிறகு அந்தக் குரல் வந்தது. ஓர் எழுத்தைப் பிடித்து நெளித்து, சுழற்றி, மேலே கொண்டுபோய் அங்கேயே நடுங்கவிட்டது. அவர் ஒரு வரி பாட, ட்ரம்பெட்டுகள் ஆமாம் ஆமாம் என்று பதில் சொல்லின. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கை முடியெல்லாம் நின்றுவிட்டது.

அப்பா முகத்தைச் சுளித்தார். "என்னா மாப்புள இது? தொண்டை நம்ம தொண்டை மாதிரி இருக்கு, மோகனம் மாதிரி போவுது, மோகனமும் இல்ல. வாத்தியம் வெள்ளக்காரன் வாத்தியம். ரெண்டுங்கெட்டான் பாட்டு!"

இதைச் சொன்னவர் யார் என்று கவனிக்க வேண்டும். கதாநாயகன் மரத்தைச் சுற்றிப் பாடிய மெட்டில் அம்மனுக்குத் தாலாட்டு கட்டியவர்!

மாமா கோபப்படவில்லை. "ஊதுற சாமான்தான் மச்சான் வெளியூரு. பாட்டு அவுங்க பாட்டு. ராசா இருந்த காலத்துல வெளியூருலேருந்து பேண்டு வாத்தியம் வரவழச்சாங்களாம். பட்டாளத்துல பேண்டு ஊதுனவுங்களே சாயங்காலமானா ஓட்டல்ல இதெல்லாம் வாசிச்சிருக்காங்க. அப்பறம் பட்டாளமே நாட்டப் புடிச்சிருச்சு. இருட்டுனா யாரும் வெளிய வரக்கூடாதுன்னுட்டாங்க. பாட்டுக்காரங்கள்லாம் தெசைக்கொருத்தரா..."

அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். பாட்டுக் கதைக்கு எதற்கு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று கேட்டேன். கொசு என்றாள்.

மாமா இருந்த நாட்களில் கரண்ட் வரும்போதெல்லாம் அந்தப் பாட்டுத்தான். நானும் மாமாவும் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கேட்போம். அப்பா அறை நடுவில் தொங்கும் திரைக்கு அந்தப் பக்கம் பேப்பரை விரித்துக்கொண்டு, "இன்னும் முடியலையா அது?" என்று அலுத்துக்கொள்வார். மாமா மறுபடியும் கப்பலுக்குக் கிளம்பியபோது கேசட்டை என் கையில் வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிரு பாப்பா. இந்த ஊரு பூராத் தேடினாலும் இன்னொண்ணு கெடைக்காது."

அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு முட்டையைக்கூடக் கொடுத்தனுப்பியதில்லை. கேசட்டை என் பிஸ்கட் டின்னில், ரிப்பன்களுக்கு அடியில் வைத்தேன். தூசி படக்கூடாதென்று நானும் அடிக்கடி எடுத்துப் போடவில்லை.

ஆடி வந்தது. கோஷ்டிக்காரர்கள் கேட்டுப் பழக, அப்பா ஒத்திகையைக் கேசட்டில் பதிந்து கொடுப்பது வழக்கம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து வந்து கதவைத் திறக்கிறேன், பெட்டியில் அப்பாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே சுற்றுவது மாமாவின் கேசட். கடையில் விற்கிற கேசட்டின் தலையில் இரண்டு ஓட்டை இருக்கும், அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாமல் இருப்பதற்காக. இரண்டிலும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி அடைத்திருந்தார். மறந்துபோய்ச் செய்தது, தெரியாமல் செய்தது என்று சொல்ல வழியே இல்லை. வெட்டி, அளந்து, அழகாக ஒட்டியிருந்தார்.

"அது மாமா கேசட்டு!" என்று அலறினேன்.

"சும்மாதானே கெடந்துச்சு? அம்மன் பாட்டுத்தானே ஏத்தியிருக்கேன், பேய்ப் பாட்டா ஏத்தினேன்?" என்றார். அவ்வளவுதான். அம்மாவும், "மாமா வந்தா வேற வாங்கிக்கலாம், சோத்தத் தின்னு" என்றாள். வேறு எங்கே வாங்குவது? செங்கடலில் போய் வாங்குவாளா?

கேசட்டை இரண்டு பக்கமும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன். அப்பாவின் பழைய பஜனைப் பாட்டுகளெல்லாம் ஓடி, மங்களமும் முடிந்து, டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு மூச்சுக்கு மட்டும் ட்ரம்பெட்டுகள் ஊதி நின்றன. அவ்வளவுதான் மிச்சம். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். பஜனைப் பழக்கத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. பின்பாட்டுப் பெண்கள் கூட்டத்தில் என் இடம் காலியாகக் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடிக் கஞ்சி ஊற்றும் நாளில் மட்டும் அம்மா விடவில்லை. தரதரவென்று இழுத்துப்போய்க் கோயிலில் உட்காரவைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. தமிழர்களோடு, வேண்டுதல் வைத்த பர்மியப் பெண்களும் பூத்தட்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஆர்மோனியத்தை இழுத்து, "இது புதுப் பாட்டு" என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

முதல் வரியிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

அதே மெட்டு. அதே நொண்டித் தாளம் தபேலாவில். தாயே என்பதைப் பிடித்து நெளித்து, சுழற்றி, மேலே கொண்டுபோய் அங்கேயே நடுங்கவிட்டார். ட்ரம்பெட்டுகள் பதில் சொன்ன இடத்தில் பின்பாட்டுப் பெண்கள், "வந்தாள் வந்தாள்" என்று முழங்கினார்கள். ரெண்டுங்கெட்டான் பாட்டாம்! அழித்ததும் இல்லாமல் திருடியும் வைத்திருக்கிறார். கூட்டம் சொக்கிப்போய்த் தலையாட்டியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"திருட்டு! திருட்டு! நிறுத்து!" என்று கத்தினேன். "அது உன்னோடது இல்ல! கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தது! அழிச்சுட்டே, எல்லாத்தையும் அழிச்சுட்டே!"

தலை விரிந்திருந்தது. உடம்பு உதறியது. தபேலா பாதியில் நின்றது. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கையைத் தலைக்குமேல் கூப்பினார்.

"ஆத்தா வந்துட்டாடா!"

அவ்வளவுதான். குலவை கிளம்பியது. உடுக்கை முழங்கியது. யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். "நான் ஆத்தா இல்ல!" என்று கத்தினேன். குலவை இன்னும் பலமாயிற்று. குடை காணாமல் போன ஒரு பெண் என் காலைப் பிடித்துக்கொண்டு, எடுத்தவர் யார் என்று காட்டிக் கொடுக்கச் சொன்னாள். ஒரு பர்மிய அம்மா தன் பூத்தட்டை என் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். நியாயம் கேட்க எழுந்தவளுக்கு அந்த ஊர் செய்த மரியாதை இதுதான். நான் கத்தக் கத்த, ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் என் வார்த்தையாக விழவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். அவருக்குத் தெரியும். நான் எதைச் சொல்கிறேன் என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வந்தவர் எல்லோரிடமும், இது என் மகள், கேசட்டுக்காகக் கத்துகிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கற்பூரத் தட்டை வாங்கி என் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"தப்புத்தான் தாயே," என்றார், அடங்கிய குரலில். "கேக்காமத் தொட்டுட்டேன். ஆசைப்பட்டுத் தொட்டுட்டேன். கேட்டுக் கேட்டு மனசுல ஏறிப்போச்சு. பொறுத்துக்க. கோவத்த விட்டு மலையேறு தாயே."

எல்லோர் முன்னாலும் என்னை வைத்து நாடகம் போடுகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேப்பிலையை வீசி எறிந்துவிட்டு அழுதேன். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லித் தூக்கிப்போய்க் கஞ்சி கொடுத்தார்கள்.

அந்தப் பாட்டு பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் உள்ள கோயிலிலிருந்து படகேறி வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அம்மனே இறங்கி வந்த பாட்டு அல்லவா? எத்தியோப்பியா என்ற பேச்சை ஒருத்தரும் எடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றும் தீரவில்லை.

மாமா அடுத்த வருடம் வந்தார். அவர் ஒருவரிடமாவது நியாயம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். பயணப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். கேசட்டை நீட்டினேன். ஓட்டையில் ஒட்டிய பிளாஸ்திரியைக் காட்டினேன். அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். முகம் வாடித்தான் போயிற்று.

"அந்த நெளிவெல்லாம் சரியாப் பாடினாரா?" என்று கேட்டார்.

இதுவா கேள்வி? "சரியாத்தான் பாடினாரு," என்றேன் வெறுப்போடு.

"உங்கப்பா உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா?"

"எங்கிட்ட எங்க கேட்டாரு?" என்று வெடித்தேன். "அம்மங்கிட்டதான் கேட்டாரு!"

மாமா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தாளைத் திருப்ப மறந்தவர் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து மாமாவோடும் பேச்சை நிறுத்தினேன்.