வெட்டுவதற்கென்று வாங்கும் ஸ்வெட்டர்கள்

தேவாலயத்தார் நடத்தும் பழைய துணிக் கடையில் டாக்டர் இங்குன் ஹேகெலன் ஸ்வெட்டர் அடுக்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஆலையில் நெய்தவற்றை ஒதுக்கிவிடுகிறார். கையால் பின்னியதுதான் வேண்டும். மார்புப் பக்கம் நட்சத்திர வேலைப்பாடு இருந்தால் இன்னும் நல்லது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சோல்வேய்குக்கு இது பிடிப்பதில்லை.

"இதையும் கிழிக்கத்தான் கொண்டு போறியா?"

"கிழிக்க மாட்டேன். வெட்டுவேன்."

"யாரோ ஒருத்தி குளிர்காலம் பூரா உட்கார்ந்து பின்னியிருக்கா. உனக்கு எப்படி மனசு வருது?"

"எனக்கு வருது. எங்க டாக்டருங்களுக்குத்தான் வரமாட்டேங்குது."

நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் ஒரு சிற்றூர் மருத்துவமனையில், அவசர சிகிச்சை பயில வரும் மருத்துவர்களுக்கு இங்குன்தான் ஆசிரியர். நாற்பதைத் தொடாத பெண். நெடிய உருவம், தணிந்த குரல். மதிய உணவை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். மொறுமொறு ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும், வேறெதுவும் இல்லை. வகுப்பறையில் அவர் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. ஆளுயரப் பொம்மை ஒன்றுக்கு உடை மாட்டி, படகுத் துறையில் வாளியில் மொண்ட கடல் தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, முன்னறிவிப்பு இல்லாமல் ஆம்புலன்ஸ் வாசல் வழியே உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். பதற்றத்தில் ஒரு பயிற்சி மருத்துவர், "யாராவது ரத்தம் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் போதும். "யாராவதுங்கிறவர் இன்னைக்கு லீவு. பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்பார்.

ஸ்வெட்டர் விஷயம்தான் அவருக்குப் பெரும்பாடு. கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் உடையைத் தலை வழியாகக் கழற்றக் கூடாது. முறிந்த எலும்பு நகர்ந்தால் கை, கால் ஆயுளுக்கும் செயலற்றுப் போகலாம். கீழ்விளிம்பிலிருந்து கழுத்து வரையும், பிறகு சட்டைக்கைகளின் நுனியிலிருந்து தோள் வரையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இது எல்லா மருத்துவர்களுக்கும் மனப்பாடம். மழைக்கோட்டை வெட்டுவார்கள், கால்சட்டையை வெட்டுவார்கள், விலையுயர்ந்த தோல் பூட்ஸைக்கூட வெட்டுவார்கள். கையால் பின்னிய ஸ்வெட்டரைக் கண்டதும் கத்தரிக்கோல் நின்றுவிடும். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த கைகள் அவை.

ஓட்வார் அப்படித் தயங்கியவர்களில் மூத்தவர். ஐம்பதைக் கடந்தவர். ஒரு தீவில் நெடுங்காலம் ஒற்றை மருத்துவராக இருந்துவிட்டு, தன்னைவிட இளையவரான இங்குனிடம் பயில வந்தவர். யார் உடம்பில் இருக்கும் ஸ்வெட்டரை யார் பின்னியது என்பது வரை அவருக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில், மீன்பிடிக் கப்பலின் அடித்தளத்தில் விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஓட்வார் அவருடைய ஸ்வெட்டரைத் தலை வழியாக உருவி, மடித்தும் வைத்துவிட்டார். ஸ்கேனில் கழுத்து எலும்பு நன்றாக இருந்தது.

"நல்லவேளை" என்றார் ஓட்வார்.

"அது அவரோட அதிர்ஷ்டம். உங்க திறமை இல்ல" என்றார் இங்குன்.

விஷயம் துறைத் தலைவர் வரை போயிற்று. ஓட்வார் தனியாக ஒரு குழுவை வழிநடத்தத் தகுந்தவர் என்று இங்குன் அந்த மாத முடிவுக்குள் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் அவர் தீவுக்குத் திரும்ப வேண்டியதுதான். "நல்ல மனுஷன். தீவுலயே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் தலைவர். "நல்ல மனுஷன்கிறதாலதான் விடமாட்டேன்" என்றார் இங்குன்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பொம்மை வந்தது. ஓட்வார் பெயர் சொல்லி ஆட்களை அவரவர் இடத்தில் நிறுத்தினார். நட்சத்திர ஸ்வெட்டரை ஒரே மூச்சில் வெட்டித் திறந்தார். ஒரு குறையும் இல்லை. பயிற்சி முடிந்தது என்று மூத்த செவிலியர் துரித் காப்பிக் குடுவைப் பக்கம் திரும்பினார்.

ஓட்வார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இதுக்குச் சான்று தராதீங்க, இங்குன்."

"ஏன்?"

"இது பழைய துணிக் கடையில வாங்கினது. இதைப் பின்னினவ வீட்ல காத்துக்கிட்டு இல்ல. இதை நான் தூக்கத்துலகூட வெட்டுவேன். நிஜமா ஒரு ஆள் வந்தா கை போகுமா நிக்குமான்னு எனக்கே தெரியல."

 இங்குன் பொம்மையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஈரம் காயாத ஸ்ட்ரெச்சரில் தாமே ஏறி மல்லாந்து படுத்தார். பயிற்சி நாட்களில் அவர் சீருடை அணிவதில்லை. அன்று உடம்பில் இருந்தது சாம்பலும் நீலமும் கலந்த ஸ்வெட்டர். இரண்டு குளிர்காலங்கள் ஓய்வறையில் உட்கார்ந்து, பின்னிப் பிரித்து, பிரித்துப் பின்னி அவர் முடித்தது. கழுத்துப் பட்டியை எப்படிக் குறுக்குவது என்று சொல்லிக் கொடுத்ததே துரித்தான்.

"படகுத் துறையில வழுக்கி விழுந்துட்டேன். கழுத்து வலிக்குது. கால் மரத்துப் போச்சு. ஆரம்பிங்க."

"விளையாடாதீங்க."

"பேசறது நோயாளி. டீச்சர் இங்க இல்ல."

"இங்குன், எழுந்திரு. உனக்கென்ன பைத்தியமா?" என்றார் துரித்.

"தலையைப் பிடி, துரித்."

துரித் முணுமுணுத்துக்கொண்டே இரு பக்கமும் உள்ளங்கை வைத்துத் தலையை அசையாமல் பிடித்தார். ஓட்வார் கத்தரிக்கோலை எடுத்தார். அதன் நுனி கீழ்விளிம்பில் நுழைந்து அங்கேயே நின்றது. 

"துரித், தலை உங்க பொறுப்பு. பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

வெட்டினார். கம்பளி கரகரவென்று பிளந்தது. வயிறு, மார்பு, அப்புறம் கழுத்துப் பட்டி. அங்கே மட்டும் தொண்டைக்கும் நூலுக்கும் நடுவே தம் இரு விரல்களைக் கொடுத்து, கடைசி இழையையும் அறுத்தார். நெற்றி வேர்த்திருந்தது.

துரித் குனிந்து வெட்டைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "போதும், ஓட்வார். நடுவுல நேராப் போயிருக்கு. ஓரத்தைத் தைச்சு பொத்தான் வெச்சா முன்பக்கம் திறக்கிற சட்டை ஆயிடும். ஒண்ணும் கெட்டுப் போகல."

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்த வேலைதான். அங்கங்கே மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஓட்வாரின் கையும் மெல்லத் தாழ்ந்தது.

இங்குன் கழுத்தை அசைக்கவில்லை. கண்ணை மேலே எரிந்த விளக்கிலிருந்து எடுக்கவும் இல்லை. இன்னும் வெட்டாத இடது சட்டைக்கையின் நுனியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, கையை ஓட்வாரின் கத்தரிக்கோல் பக்கம் நீட்டினார்.