நாற்பதுக்குக் கீழே

சித்தப்பா இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வேறு யாராவது வண்டி ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். "காலைச் சும்மா வையுங்க, தரை தேயுது" என்பாள் சித்தி.

போன வருடம் அவருக்கு லேசான மாரடைப்பு வந்தது. அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று காட்ட வேண்டும். நாற்பதுக்குக் குறைந்தால் பேருந்தைத் தொட விடமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கணக்கைப் போடுவதுதான் என் வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் சித்தப்பா என்னை "டாக்டரம்மா" என்பார். நான் டாக்டர் இல்லை. இதயம் விரிந்த படத்திலும் சுருங்கிய படத்திலும் உட்சுவரை ஒட்டிக் கோடு வரைகிறவள்.

போன வருடம் நான் வரைந்தேன்: நாற்பத்தொன்று. இந்த வருடம் வேறொருவர் வரைந்தார்: முப்பத்தொன்பது.

ரிப்போர்ட்டோடு சித்தப்பா என் அறைக்கே வந்துவிட்டார்.

"மாத்திரை ஒரு வேளை விடல. சிகரெட்டைத் தலைமுழுகிட்டேன். நான் நடக்கிற நடையில தெரு நாய்கூடக் குரைக்கிறத விட்டுடுச்சு. அப்புறம் எப்படிம்மா குறையும்? நீயே ஒரு தடவை வரைஞ்சு பாரு."

இதய அறைக்குள் இரண்டு சதைத் தூண்கள் துருத்திக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் நான் அவற்றைச் சுவரோடு சேர்த்துவிடுவேன். எண் சற்றுக் கூடுதலாக வரும். ரத்தத்தோடுதான் சேர்க்க வேண்டும், எல்லோரும் ஒரே மாதிரி வரைய வேண்டும் என்று ஆறு மாதம் முன்பு எங்கள் துறையில் முடிவானது. இந்த வருடப் படத்தைப் பழைய முறையில் வரைந்தேன். நாற்பத்து மூன்று வந்தது. பிறகு, போன வருடப் படத்தை எடுத்துப் புது முறையில் வரைந்தேன். முப்பத்தேழு.

"குறையல சித்தப்பா. ரெண்டு கூடித்தான் இருக்கு. அளக்கிற விதம் மாறிடுச்சு, அவ்வளவுதான்."

அவர் முகம் தெளிந்தது. "அப்போ பழைய மாதிரியே போட்டுக் குடுத்துடேன்."

கொடுத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. நாற்பத்து மூன்றும் ஒழுங்காக வரைந்து வந்த எண்தானே? இத்தனை படித்தும் எது சரி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"போன வருஷம், புது முறையில எவ்வளவு?" என்றார்.

தெரியாது என்றிருக்கலாம். சொல்லிவிட்டேன்.



"முப்பத்தேழை வச்சுக்கிட்டா வருஷம் முழுக்க ஓட்டினேன்? வண்டியில அம்பத்திரண்டு பிள்ளைங்கம்மா."

"ஒண்ணும் ஆகலையே."

"ஆகல." ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ எதுவும் எழுத வேணாம். இனிமே எனக்கு ஸ்டியரிங்ல கை நிக்காது."

மறுநாளே சாவியை ஒப்படைத்துவிட்டார். என்மேல் கோபமில்லையாம். ஆனால் காலை ஆறு மணிக்கே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று சித்தி சொல்கிறாள்.

போன வருடப் படத்தை வரைந்து பார்க்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை; நானாகத்தான் எடுத்து வரைந்தேன்.